பங்குக் கணக்கு

மூக்கையூர் ஏலக்கூடத்தில்
நூற்றுக்கு மூன்று ரூபாய் கோயிலுக்கு.
பன்னிரண்டு வருஷமாய் நான்தான் எழுதுகிறேன்:
தொம்மை மச்சாது வள்ளம், சூடை, நாற்பத்திரண்டு.
இன்னாசி, நகரை, பதினெட்டு.
கித்தேரி, நண்டு, ஆறு.

ஊருக்கு வேண்டியதை எழுதப் போனால்
இந்த நோட்டு காணாது.
வள்ளத்துக்கு டீசல், டீசலுக்கு வியாபாரியின் முன்பணம்,
வியாபாரிக்குத் தூத்துக்குடி லாரி,
லாரிக்கு ஐஸ், ஐசுக்குக் கரண்டு,
கரண்டுக்கு எந்தத் துறைமுகத்திலோ நிற்கும்
நிலக்கரிக் கப்பல்.
கடலைப் பார்த்தபடி குடியிருக்கிறோம்;
குடிதண்ணீர் டிராக்டரில் வருகிறது,
குடம் பதினைந்து ரூபாய்.
எனக்கு மட்டும் கூடுதலாக
காலையும் இரவும் இன்சுலின்.

கடவுளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினால்
அது வெள்ளையாகவே கிடக்கும்.
கடல் இல்லாத காலத்தில்
கடல் வேண்டுமென்று அவர் ஏங்கியதில்லை.
எங்களை உண்டாக்குமுன் தனிமையும் இல்லை,
மூவராய் இருந்தார், ஒருவராய் நிறைந்திருந்தார்.
நாங்கள் பாடாவிட்டால் அவர் காது வலிக்காது.
திருவிழாவுக்குக் கொடி ஏறாவிட்டாலும்
பௌர்ணமிக்கு வெள்ளம் ஏறும்.
அப்படியானால் நான் பிடிக்கும் மூன்று ரூபாய்
எந்த ஓட்டையை அடைக்கிறது?
கோயில் ஓட்டையைத்தான்.
மேற்குச் சாய்ப்பில் ஆறு ஓடு உடைந்திருக்கிறது.

ஐப்பசிப் புயலில் நாலு நாள் கரண்டு இல்லை.
வீட்டில் குளிர்ப்பெட்டி இருந்தது, குளிர் இல்லை.
ஐஸ் கம்பெனி வாசலில் பூட்டு.
மூன்று குப்பி மருந்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு
பங்கு கேட்கப் போகும் அதே தெருவில்
வீடு வீடாய் நின்றேன்.

கித்தேரி பெட்டியைத் திறந்தாள்.
பதினோரு கிலோ நண்டு,
மேலே கரைந்தது போக மீதி ஐஸ்.
இரண்டுக்கும் காணாது என்று
பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும்.
நண்டை மணலில் கொட்டினாள்.
ஐஸை இடித்துத் தூக்குச்சட்டியில் போட்டு
குப்பிகளைத் துணியில் சுற்றி வைத்து
வெளியே சாக்கு, சாக்குக்குள் உமி.
நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.
"சும்மா சும்மா தொறந்து பாக்காதீரு,
குளிரு போயிரும்" என்றாள்.

அந்த வாரம் நோட்டில்
கித்தேரி பேருக்கு நேரே ஒன்றுமில்லை.
"பாக்கியா?" என்று கேட்டார் பங்குச் சாமியார்.
"இல்லை சாமி" என்றேன்.
அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
எனக்கும் தெரிந்திருக்காது.

தவக்காலத்தில் வாசிப்பார்கள்.
ஒரு மத்தியானம், கயிறும் குடமும் இல்லாமல்
கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு
தண்ணீர் எடுக்க வந்தவளிடம்
குடிக்கக் கேட்டார் என்று.
பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்டிருப்பார் என்றுதான்
இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.
இந்த ஊரில் யாரிடமாவது தண்ணீர் கேட்டுப் பாருங்கள்.
முதலில் குடத்தைப் பார்ப்பார்கள்,
பிறகு நம் முகத்தை,
பிறகு மொண்டு தருவார்கள்.
அந்த நடுவிலுள்ள நேரத்தை
அவரும் உட்கார்ந்து கடந்திருக்கிறார்.
கடைசியில் ஆணியில் தொங்கியபோதும்
வேறொன்றும் கேட்கவில்லை, தாகம் என்றார்.
அவரிடத்தில் இல்லாத சரக்கு அது.
எங்களிடம்தான் வாங்கியிருக்க வேண்டும்.

வெள்ளைப் பக்கத்தில் நேற்று ராத்திரி எழுதினேன்:
கடவுள். பற்று. தாகம் ஒன்று.
தேதி போடவில்லை.
சாமியார் பார்த்தால் சிரிப்பாரோ கோபிப்பாரோ.

விடிகாலை ஊசி போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போனேன்.
காற்று இறங்கியிருந்தது, வாடை முகத்தில் உப்பாய் ஒட்டியது.
கித்தேரி நண்டுக்குப் பங்கு ஏழு ரூபாய்.
பத்து ரூபாய்த் தாளை நீட்டினாள்.
பையைத் துழாவினேன்.
சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.